நெல்லைச் சீமையில் நாய்களோடு கேரவன்: கட்டிலை விடுங்கள், பேட்டரியைப் பாருங்கள்

கேரவன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் முதலில் கட்டிலைத் தட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து டிவியைப் போட்டுப் பார்க்கிறார்கள். நாயோடு போவதாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை ஆம்பியர்-மணி (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு), ஈய அமிலமா லித்தியமா, எஞ்சினை அணைத்த பிறகு ஏசி எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் வேறு எதைப் பார்ப்பான் என்பது என் மனைவியின் கட்சி. திருநெல்வேலி வெயிலில் நாயை வண்டிக்குள் வைத்துவிட்டுச் சிற்பம் பார்க்கப் போகிற எவரும் இதைத்தான் பார்த்தாக வேண்டும் என்பது என் கட்சி.

எங்களிடம் இரண்டு நாய்கள். சீனி, சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனம், ஒல்லி உடம்பும் நீண்ட காலுமாக எப்போதும் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள். ஜிம்மி, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பிறந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தவன். இப்போது கிழவன், பின்னங்கால் இடுப்பில் வலி. இவர்களை அழைத்துக்கொண்டு குற்றாலத்தில் லாட்ஜ் தேடியவர்களுக்குத் தெரியும்: போனில் 'வாங்க அண்ணாச்சி' என்ற குரல், நாய் என்றதும் 'ரூம் இல்லை அண்ணாச்சி' என்று மாறிவிடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆக, வீட்டையே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்து, தை பிறந்த பிறகு மதுரையிலிருந்து ஒரு கேரவனை வரவழைத்தோம். குறையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

வாடகை நாளுக்கு 12,000 ரூபாய். ஓட்டுநர் படி, டீசல், ஜிஎஸ்டி எல்லாம் தனி. நாய் ஒன்றுக்குத் துப்புரவுக் கட்டணம் என்று 1,500 வாங்கினார்கள். வண்டி ஒரு வேன் அடித்தளத்தில் கட்டியது. பின்னால் குறுக்காக ஒரு கட்டில், நடுவில் இரண்டு இருக்கைகளை மடக்கினால் இன்னொன்று, மின் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், நிமிர்ந்து நிற்க முடியாத குளியலறை. தச்சு வேலை சுத்தமாக இருந்தது. மேடுபள்ளத்தில் ஒரு கதவுகூடத் தானாகத் திறக்கவில்லை. தரை விரிப்புதான் மோசம். வழவழவென்ற வினைல். ஜிம்மி நாலு காலும் நாலு பக்கம் போக நின்றதைப் பார்த்து, வழியில் ஒரு பலசரக்குக் கடையில் பழைய சாக்குகளை வாங்கி விரித்து ஓரங்களை ஒட்டினோம். வாசல் படியும் உயரம். கிழ நாயைத் தூக்கி ஏற்றி இறக்க இடுப்பில் பலம் வேண்டும். அல்லது சறுக்குப் பலகை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

இனி மின்சாரம். 'இரவு பகல் எந்நேரமும் ஏசி' என்று போனில் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிகள் இரண்டு. கணக்கு எளிது: 12 வோல்ட்டில் 300 ஆம்பியர்-மணி என்றால் 3,600 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கைக்கு வருவது 1,800. ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் ஒன்றரை மணி நேரம் ஓடுவதே பெரிது. அப்படியே நடந்தது, ஒரு மணி நேரம் கடந்த சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. வெளியிலிருந்து மின்சாரம் எடுத்தால் இரவெல்லாம் ஓடும், உண்மைதான். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலில் பிளக் யார் தருவார்கள்? எஞ்சினை ஓட விட்டால் புகை. அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மா முறைக்கிறார், அது நியாயமும்கூட. லித்தியம் பேட்டரி போட்ட வண்டியாக இருந்தால் இந்தக் கதையே வேறு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு மூச்சிரைப்பதுதான் வழி. இரைக்கும் காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். ஆகவே எங்கள் ஏற்பாடு இதுதான்: ஒருவர் எப்போதும் வண்டியில். ஒருவர் பார்த்துவிட்டு வந்த பிறகு மற்றவர் போவார். நாய்களோடு போகிறவர்கள் எந்த நினைவுச்சின்னத்தையும் சோடியாகப் பார்க்க முடியாது என்பதை முன்கூட்டியே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கல்யாணமான நாள் முதல் இவ்வளவு நிம்மதியாகக் கோயில் பார்த்ததில்லை என்று என் மனைவி சொன்னதை வஞ்சப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இந்த முறையில்தான் கிருஷ்ணாபுரம் போனோம். திருச்செந்தூர் சாலையை ஒட்டிய ஊர்; வண்டி நிறுத்த நிழல் கிடைத்தது. நாயக்கர் காலத்துச் சிற்பங்கள், விரல் நகத்தையும் கை நரம்பையும் கல்லில் கொண்டுவந்தவை. இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவனின் விலா எலும்பை எண்ணிக்கொண்டு நான் நின்ற நேரத்தில் என் மனைவி வண்டிக்குள் பருப்பே வேகவைத்து முடித்துவிட்டாள்.

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் தோண்டிப் பார்த்தார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். பெரியவர்களே ஒரு கணம் காலைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். தாழிகள் புதைந்த பறம்பு மேட்டை ஒட்டிய பாதையில் அந்தி நேரத்தில் நாய்களைக் கயிறோடு நடத்தினேன். சரளை மண், உடைமரம், நெருஞ்சியும் உண்டு. நடை முடிந்ததும் பாதங்களை விரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

தொல்லியல் இடங்களுக்குள் நாய்க்கு இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை: திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில் பல்லவர் காலத்து வீரன் ஒருவனின் நடுகல்லிலேயே கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பேரப்பிள்ளைகள் வந்தால் வாசலோடு சரி.

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட கயத்தாறு, நான்கு வழிச்சாலையை ஒட்டியே இருக்கிறது. இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கழுகுமலைக்குத் திரும்பினோம். வெட்டுவான் கோயிலுக்காக மட்டுமே இந்த வண்டிக்குக் கொடுத்த பணம் தகும். காரணம், காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் கண் விழிக்கலாம். கோவில்பட்டியில் அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினால் மலைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. இளவெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் தட்சிணாமூர்த்தி மத்தளம் வைத்திருப்பது தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கம் போனால் வரிசை வரிசையாகச் சமண உருவங்கள், கீழே வட்டெழுத்து. பத்து மணிக்கு மேல் பாறையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம்மால் பொறுக்க முடியாத சூட்டில் நாய் நடக்கக் கூடாது. சுற்றிலும் கரிசல் காடு. சீனியின் முன்னோர் முயல் துரத்திய நிலம். சன்னலோரம் நின்றவள் தூரத்தில் ஒரு மயிலைக் கண்டுவிட்டாள். குரைக்கவில்லை. தோல் மட்டும் தோளிலிருந்து தொடைவரை சிலிர்த்துச் சிலிர்த்து ஓடியது. சன்னல் கொசுவலையில் மூக்கு பட்ட இடத்தில் ஒரு ஈர வட்டம். அந்த வலைச் சட்டத்தின் கொக்கி பலமானது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். ஓட்டத்தில் சிப்பிப்பாறையைப் பிடிக்கிற மனிதன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

கூரையில் இருக்கும் காற்றுத்திறப்பின் வலைக்கு அந்தப் பாராட்டு கிடையாது. குற்றாலத்தில் ஒரு குரங்கு மேலேறி, மூடியின் இடுக்கில் கையை விட்டு, பிஸ்கட் பொட்டலம் இருந்த திசையில் துழாவியது. தூங்கிக்கொண்டிருந்த ஜிம்மி எழுந்து மேலே பார்த்தான். கூரையிலிருந்து ஒரு கை மட்டும் தொங்கினால் எந்த நாயும் செய்வதைத்தான் செய்தான். அந்தக் கை போகும்போது வலையையும் கொண்டுபோனது. அன்றிரவு கொசு எங்களைப் பிய்த்தெடுத்தது. குற்றாலம், பாபநாசம் இரண்டு இடத்திலும் மேல் மூடியை இறுக்கச் சாத்தி வையுங்கள். வண்டி கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

குற்றாலத்தில் ஒரு வீட்டுக்காரர் தம் வளாகத்தில் நிறுத்த இடமும் 15 ஆம்பியர் பிளக்கும் கொடுத்தார். வயரைச் செருகுவதற்கு முன் எர்த்தைச் சோதித்தேன், இல்லை. எர்த் இல்லாத இணைப்பில் கசிவு வந்தால் வண்டியின் தகர உடம்பு முழுவதும் மின்சாரம் நிற்கும். நாம் செருப்புப் போட்டிருப்போம். ஈரக் காலோடு இறங்கும் நாய்க்குத்தான் முதல் அடி. வண்டியில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தியிருந்தார்கள், சோதனைப் பொத்தானை அழுத்தியதும் சட்டென்று விழுந்தது. இதற்கு முழு மதிப்பெண். இருந்தாலும் வீட்டுக்காரரிடம் சொல்லி எர்த் உள்ள வேறு பிளக்கிலிருந்துதான் எடுத்தேன்.

ஓட்டுநர் தம்பி மேலூர்ப் பக்கம். வண்டியைப் பூப்போல ஓட்டினார். தாழ்ந்த வயரையும் ஆலமரக் கிளையையும் ஒரு பர்லாங்கு முன்பே கண்டுகொள்வார். முதல் நாள் 'சார்' என்றவர், டீக்கடைகளில் கேட்டுக் கேட்டு 'அண்ணாச்சி'க்கு வந்துவிட்டார். குறை ஒன்றே: நாய்ப்பாசம். பிரானூர் பார்டரில் பரோட்டாவைச் சால்னாவில் நனைத்து ஜிம்மிக்கு ஊட்டிவிட்டார். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பதை அவரிடம் என் மனைவி பொறுமையாக விளக்கினாள். ஜிம்மியின் வயிறு அன்று இரவு முழுக்க விளக்கியது.

பாபநாசத்துக்கு மேலே போக நினைக்காதீர்கள். களக்காடு முண்டந்துறை, 1988இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வளர்ப்பு நாய்க்குச் சோதனைச் சாவடியோடு எல்லை. கெஞ்சிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2018இல் கிர் காட்டுச் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் அவற்றிடம் இருந்தது. தடுப்பூசி போட்ட நாயானாலும் காடு அதற்கு உரியதல்ல. பதிலுக்குத் தாமிரபரணி இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம், ஆட்கள் குளிக்கிற படித்துறைக்குக் கீழே தள்ளி, கணுக்கால் ஆழத்தில் ஜிம்மி படுத்துக்கொண்டான். இடுப்பு வலி உள்ள நாய்க்கு அந்த நீரோட்டத்தைவிட நல்ல மருத்துவம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் பத்தமடையில் என் மனைவி தனக்கென்று ஒரு கோரைப்பாய் வாங்கினாள்; அன்று முதல் அது சீனியின் பாய்.

வண்டி தன் வாடகையை உண்மையில் சம்பாதித்தது கூந்தன்குளத்தில். நாங்குநேரி வட்டத்துச் சிற்றூர். 1994இல் சரணாலயம் ஆனது. அதற்கு வெகு முன்பே ஊர் பறவைகளைத் தத்தெடுத்துவிட்டது. வீட்டு மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகள் உள்ள ஊரில் நாயை இறக்குவது பாவம். இறக்கவும் இல்லை. விடிகாலையில் குளக்கரைக்குத் தள்ளி நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, காப்பியோடு உட்கார்ந்தோம். அந்த நேரத்துக் காற்றுக்கு ஏசியே வேண்டாம். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்துகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மேய்ந்தன. இங்கு மட்டும்தான் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்த்தோம்.

கழிவறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கழிவுத் தொட்டியைக் கழற்றிக் காலி செய்ய நம் பக்கம் இதற்கென்று இடம் எதுவும் கண்ணில் படவில்லை. டீசல் போடும் பங்க்கில் அனுமதி கேட்டு அங்குள்ள கழிப்பறையில் ஊற்றினோம். கூச்சப்பட்டால் ஆகாது. குளக்கரையிலோ ஆற்றிலோ ஊற்றுகிறவர்களைச் சும்மா விடக் கூடாது. சமையலுக்கு ஒரு குறிப்பு: வண்டி சாய்வாக நின்றால் தோசை மாவு ஒரு பக்கம் ஓடிப் பிறைச்சந்திரனாக வரும். சமதளம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது குரங்கு கிழித்த வலைக்கு டெபாசிட்டில் பிடித்தார்கள்; சரி. 'நாய் முடி' என்று மேலும் 2,000 பிடித்தது சரியல்ல, துப்புரவுக் கட்டணத்தை முதலிலேயே வாங்கியாயிற்று. வாதாடி ஆயிரத்தைத் திரும்ப வாங்கினேன். மீதி ஆயிரம் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆனிச் சாரலுக்கு இதே வண்டியையும் இதே தம்பியையும் கேட்டிருக்கிறோம். லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால் மட்டும் முன்பணம் அனுப்புவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.