ஈமு முட்டைக்கு 30 நாள் உத்தரவாதமாம்: யாழ்ப்பாணம் கோப்பாயில் இருந்து ஓர் எச்சரிக்கை

நான்கு ஈமு முட்டை, ஒரு குஞ்சு பொரிக்கும் மெஷின், கொழும்பு பஸ்ஸுக்குக் கொடுத்த பார்சல் காசு, எல்லாம் சேர்த்து 99,500 ரூபாய். கிடைத்த குஞ்சு பூச்சியம். எனக்கு இவற்றை விற்ற தம்பி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

2012இல் ஈரோடு பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணம் போட்டு ஆயிரக்கணக்கான சனம் ஏமாந்ததைச் செய்தியில் பார்த்து, “இப்பிடியும் ஏமாறுவினமோ” என்று சிரித்தவன் நான். வளவில் கோழி வளர்த்துப் பழக்கம். முட்டையை அடைக்கு வைத்தால் 21 நாள், வாத்து என்றால் 28 நாள், இவ்வளவுதான் என் கணக்கு. ஈமு எத்தனை நாள் என்று கேட்டதற்கு அந்தத் தம்பி போனில் சொன்னது இதுதான்: “கோழியை விடக் கொஞ்சம் கூட எடுக்கும் அண்ணை. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, பொரிக்காட்டி 30 நாளுக்குள்ளை வேறை முட்டை தருவன்.” கோழிக் கணக்கு ஊறிய மண்டைக்கு 30 நாள் தாராளமாகப் பட்டது. வங்கியில் காசைப் போட்டேன்.

ஆடிப்பிறப்புக்கு அடுத்த நாள் விடியற்காலையில் பெட்டி வந்து இறங்கியது. முட்டைகளைப் பனையோலைக் கடகத்தில் அடுக்கி வைத்து, வடிவாக ஒரு படம் எடுத்து அவருக்கே அனுப்பினேன். கரும்பச்சை நிறம், தொட்டால் பொரிபொரியென்ற ஓடு, ஒவ்வொன்றும் கையகலம் தாண்டும். அம்மா பார்த்துவிட்டு, “நேற்று ஆடிக்கூழ், இண்டைக்குக் கூழ்முட்டையோ?” என்றா. பகிடி என்று நினைத்தேன்.

22ஆம் நாள் ஒரு அசைவும் இல்லை. “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.” 28ஆம் நாள், “இண்டைக்கு நாளைக்கு வந்திடும்.” நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருக்க, 31ஆம் நாள் திரும்பப் போன் எடுத்தேன். “என்ன அண்ணை, ஈமு 50 நாள் எடுக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே?”

தெரியாதுதான். தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. ஈமு முட்டை பொரிக்க ஏறத்தாழ 50 நாள் வேண்டும். காட்டில் ஆண் பறவைதான் அடை கிடக்கும், எட்டுக் கிழமை தின்னாமல் குடியாமல். ஆக, அந்த உத்தரவாதம் முட்டை பொரிக்கவே முடியாத ஒரு நாளில் முடிகிறது. அந்த உத்தரவாதத்தில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியாது, கெட்டிக்காரன்.

இன்னொரு வசதியும் அவருக்கு உண்டு. கோழி முட்டையென்றால் ஒரு கிழமையில் டோர்ச் அடித்து உள்ளே நரம்பு ஓடுகிறதா என்று பார்த்து, கூழ் என்றால் எறிந்துவிடலாம். ஈமு ஓட்டின் பச்சைக்குள் சாதாரண வெளிச்சம் போகாது. ஆகவே கருக்கூடாத முட்டையையும் கடைசி வரை நம்பிக்கையோடு சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள், கரண்ட் பில்லோடு.

மெஷின் கதை வேறு. ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி, இரண்டு பல்ப், சின்னக் காற்றாடி, முன்னால் சிவப்பு எழுத்தில் வெப்பநிலை. உள்ளே தானாகத் திருப்புகிற தட்டு கோழி முட்டைக்கு அளவானது, இந்த முட்டை அதில் உட்காராது. நானே நாளுக்கு மூன்று தரம் கையால் திருப்பினேன். ஈமுவுக்கு 36 பாகைக்குச் சற்று மேலே போதும், கோழியை விடக் குறைவு. திரையில் 36.4 நின்றது. சந்தேகம் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீற்றரை உள்ளே வைத்தேன். 38.1. பழைய கண்ணாடித் தெர்மோமீற்றரிலும் அதே கதை. முட்டை வைக்க முதலே இதைப் பார்த்திருக்க வேண்டும். என் பிழை அது, ஒத்துக்கொள்கிறேன்.

“ரெண்டு தட்டிலையும் தண்ணி நிரப்பி வையுங்கோ” என்பது அவருடைய இன்னோர் அறிவுரை. அதுவும் கோழிக் கணக்கு. ஈமு முட்டைக்கு ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும், 50 நாளில் முட்டை தன் நிறையில் 15 வீதம் வரை இழக்க வேண்டும். இழக்காவிட்டால் குஞ்சு உள்ளேயே நீர் கோத்துச் சாகும். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து வந்தேன். வந்த அன்று 600 கிராம் இருந்த முட்டை மூன்று கிழமையில் 14 கிராம்தான் குறைந்திருந்தது. 35க்கு மேல் குறைந்திருக்க வேண்டும். இன்னொன்று வரும்போதே 466 கிராம். சின்ன முட்டையா, நாட்பட்ட முட்டையா என்று அப்போது யோசிக்கவில்லை. தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டபோதுதான் சொன்னார், இந்தியப் பக்கத்துப் பண்ணைகளில் ஈமு முட்டையிடுவது ஐப்பசி தொடங்கி மாசி, பங்குனி வரை என்று. எனக்கோ “போன கிழமை போட்ட முட்டை” என்று தம்பி சொல்லி ஆடியில் வந்திருக்கிறது!

41ஆம் நாள் இரவு ஒன்று வெடித்தது. அந்த மணத்தைப் பற்றி எழுதவில்லை.

50 நெருங்கும்போது உயிருள்ள முட்டை, பக்கத்தில் விசிலடித்தால் தானாக ஆடும் என்று படித்திருந்தேன். பின்னேரங்களில் மெஷின் முன்னால் குந்தியிருந்து விசிலடித்தேன். பக்கத்து வீட்டு நாய்தான் வந்தது. 56ஆம் நாள் மற்ற மூன்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் ட்ரில்லால் துளைத்தேன். மேலே கரும்பச்சை, கீழே மயில்நீலம், அதற்கும் கீழே வெள்ளை என்று ஓடு மட்டும் அவ்வளவு அழகு. உள்ளே மஞ்சள் தண்ணீர். இறகோ எலும்போ ஒன்றும் இல்லை. கருவே கூடாததா, முதல் கிழமையிலேயே செத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது: “உங்கடை வெப்பம் பிழை அண்ணை.” மெஷினும் நீர் தந்ததுதானே என்றேன். அத்தோடு என் இலக்கத்தை புளொக் செய்துவிட்டார்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம் என்றார்கள். செய்யலாம்தான், ஆனால் என் கையில் பற்றுச்சீட்டு இல்லை, கடையின் பெயர் இல்லை, ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் அழிந்துபோன குரல் பதிவுகளும்தான் இருக்கின்றன. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உத்தரவாதம் 60 நாளுக்கு எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள், அந்தப் பண்ணையின் குஞ்சுகளை நேரில் போய்ப் பாருங்கள். முழுக் காசையும் முதலே போடாதீர்கள்.

போன கிழமை தம்பியின் விளம்பரம் திரும்ப வந்தது. அதே 30 நாள். கீழே “யாழ்ப்பாண வாடிக்கையாளர்” என்று ஒரு படம்: விளிம்பு பிய்ந்த கடகம், அதற்குள் நான்கு பச்சை முட்டை. அந்தக் கடகம் எங்கள் வீட்டுக் கடகம்.