இரண்டு வாரத் தவணையில் வாசிப்பு: சேலத்துக் கிளை நூலகம் ஒன்றைப் பற்றி

வாசிப்பைப் பழக்கமாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இன்று கடையில் கிடைக்காத பொருளே இல்லை. நாள்தோறும் கட்டம் நிரப்பும் குறிப்பேடு, படித்த பக்கங்களுக்குக் கணக்கு வைக்கும் செயலி, நூலின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் சிறு விளக்கு என்று எல்லாம் விற்கின்றன. அவற்றையெல்லாம்விட எனக்கு உதவியது சேலம் மாநகருக்குள் இயங்கும் ஓர் அரசுக் கிளை நூலகம். எந்தப் பகுதிக் கிளை என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். நூல் வழங்குவது, திரும்பப் பெறுவது, அடுக்குவது, நாளிதழ்களைக் கோத்து வைப்பது என அனைத்தையும் ஒரே நூலகர் பார்த்துக்கொள்ளும் சிறிய இடம் அது. நான் எழுதப்போகும் குறைகள் அவர் தலையில் விடியக் கூடாது.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினராகும்போது கட்டும் காப்புத்தொகையையும் ஆண்டுச் சந்தாவையும் கூட்டினால், மாலையில் இரண்டு பேர் தட்டுவடை செட் சாப்பிடும் செலவுக்குப் பக்கத்தில் வரும். அதிலும் காப்புத்தொகை விலகும்போது திரும்பக் கிடைத்துவிடும். உண்மையில் இதற்கான பணத்தை நாம் வேறு வழியில் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டும் குடும்பங்களில் எத்தனை பேர் இந்த நூலகத்தின் படியேறியிருப்பார்கள் என்பது வேறு கதை.

நூலின் பின்னட்டைக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டுதான் இந்தச் சேவையின் உயிர். நூலகர் முத்திரையை ஊதா மையில் ஒற்றி, திருப்பித் தர வேண்டிய தேதியைச் சற்றுச் சாய்வாகப் பதிக்கிறார். அதற்கு மேலிருக்கும் பழைய முத்திரைகளில் சில எண்ணே தெரியாத அளவுக்கு மங்கிக் கறையாகிவிட்டன. அந்தத் தேதியைப் பார்த்ததும் மனத்துக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. 280 பக்க நூலென்றால் 14 நாள்களுக்கு நாளொன்றுக்கு 20 பக்கம். இடையில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வந்துவிட்டால் மறுநாள் 40 பக்கம். விலை கொடுத்து வாங்கிய நூலுக்கு இந்த நெருக்கடி கிடையாது என்பதால், அது நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிப்போய், கடைசியில் அலமாரிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. தாமதக் கட்டணம் பெயரளவுக்குத்தான். ஆனாலும் அந்த மேசைக்கு முன்னால் நின்று, "தேதி தாண்டிருச்சுங்களே" என்று அவர் மெதுவாகச் சொல்வதைக் கேட்க எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இந்தக் கூச்சமே, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு நூலை எடுக்கும் வழக்கத்தை எனக்கு ஏற்படுத்திக் கொடுத்தது. நல்ல பழக்கங்களைப் பற்றி எழுதுபவர்கள் மன உறுதியைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள்; என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு, வெளியிலிருந்து வரும் சிறியதொரு கட்டாயம்தான் சரிப்படும். கவிதைத் தொகுப்புகளுக்கு மட்டும் இந்தப் பக்கக் கணக்கு ஒத்துவராது. இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைக்க வேண்டிய நூலை 20 பக்கமாக விழுங்கினால் எதுவும் தங்குவதில்லை.

நூல் இருப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, பழைய நூல்களைப் பொறுத்தவரையில். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி இங்கே மலிவு விலைக்கு வந்த ரஷ்ய நாவல்கள், கெட்டி அட்டையும் தளராத தையலுமாக ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. அண்மையில் நான் படித்தவற்றுள் பாதி அங்கிருந்து எடுத்தவைதான். வட்டார வரலாற்றுத் தட்டில் சேர்வராயன் மலையைப் பற்றி ஒரு மெல்லிய நூல் கிடைத்தது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த செய்தி அதில் வருமிடத்தில், எனக்கு முன்னால் படித்த யாரோ ஒருவர், "எங்கள் பாட்டன்மார் நட்டது" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார். நூலக நூலில் எழுதுவது குற்றம்தான்; ஆனால் அந்த ஒரு வரி அந்த அத்தியாயத்தையே வேறு கண்ணோடு திரும்பப் படிக்க வைத்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைக்குப் போய்வரும் நம்மில் பெரும்பாலோர் ஏரியில் படகு விட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். போவதற்கு முன் இப்படிப்பட்ட நூல் ஒன்றைப் படித்துவிட்டுப் போனால், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகள் வெறும் பச்சையாகத் தெரியாது.

குறைகளில் பெரியது அடுக்குமுறை. சீர்காழியில் 1892-இல் பிறந்து, இந்திய நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று வைத்தார். இங்கே முதுகில் ஒட்டிய எண்கள் உதிர்ந்துபோன நூல்கள் கிடைத்த இடைவெளியில் செருகப்பட்டிருப்பதால், வரலாற்றுக்கு நடுவே சமையல் குறிப்பும், சித்த மருத்துவத்துக்குப் பக்கத்தில் பயணக் கட்டுரையும் நிற்கின்றன. கணினியில் தேடிப் பார்க்கும் வசதி இந்தக் கிளையில் இல்லை. தொடர் நாவலில் இரண்டாம் பாகம் மட்டும் இருந்தது. முதல் பாகத்தைக் கேட்டதற்கு, "எடுத்துட்டுப் போனவரு ஊரை விட்டே போயிட்டாருங்க" என்றார் நூலகர். புதிய நூல்களோ கட்டு பிரிக்காமல் மூலையில் நெடுநாள் காத்திருக்கின்றன.

படிப்பறையின் மேசைகளைக் காலை முதலே அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் நிரப்பிவிடுகிறார்கள். பொது வாசகருக்கு இடம் கிடைப்பதில்லை என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை; இவர்கள் வராவிட்டால் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் அந்த அறையில் நெடுநேரம் உட்கார்ந்து படிப்பது எளிதன்று. மதிய வேளையில் பூட்டிவிடுவதால், அலுவலகம் செல்பவர்கள் மாலையில் கிடைக்கும் குறுகிய நேரத்தை நம்பியே இருக்க வேண்டும்.

பழந்தமிழ் நூல்கள் தேவைப்படுபவர்களுக்கு, அவற்றை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கு 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இந்தக் கிளையைவிடப் பன்மடங்கு பயனளிக்கும். ஐயம் தீர்க்க நானும் அவற்றைத்தான் நாடுகிறேன். ஆனால் திரையில் தொடங்கிய நூலை முடித்த அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே திருப்பிக் கேட்பார் எவருமில்லை.

சேர விரும்புகிறவர்கள் முகவரிச் சான்றின் நகலோடு மாலையில் செல்வது நல்லது. காலையில் நாளிதழ் படிக்க வருபவர்களின் கூட்டத்தில் நூலகருக்குப் படிவத்தை எடுத்துக் கொடுக்கவே நேரம் இருக்காது. முதல் நூல் 150 பக்கத்துக்குள் இருக்கட்டும். எடுத்ததுமே கடைசிப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முத்திரைக்கு நீட்டுங்கள்.