மலையிலிருந்து கடலுக்கு: மூன்று கப்பல், சில கரைகள், எட்டு வருட அனுபவம்

எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கினால் ஜனவரிக் கடைசி வரை ஓடும். அப்புறம் களத்தில் காய வைப்பது, மூட்டை கட்டுவது, நடுவிலே மிளகு. எல்லாம் ஓய்ந்து, காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழை வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். பெரும்பாலும் அப்போதுதான் நானும் என் வீட்டுக்காரரும் வெளியே கிளம்புவோம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு மலையைப் பார்க்க ஆசை வருவதில்லை. ஊட்டி, மூணாறு என்று யாராவது சொன்னால், "அதுக்கு நம்ம களத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம்" என்பார் இவர். எங்களுக்கு எப்போதும் கடல்தான்.

2016-ல் கொச்சியிலிருந்து லட்சத்தீவு, 2019-ல் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, 2023-ல் சென்னையிலிருந்து இலங்கை என்று மூன்று முறை கப்பலில் போயிருக்கிறோம். மாமல்லபுரம், கோவளம், தரங்கம்பாடி என்று கடற்கரை விடுதிகளில் தங்கியது ஏழெட்டுத் தடவை இருக்கும். சேலத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இப்போது கப்பலில் போகலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

ஊர் பார்ப்பதற்காகக் கப்பலில் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். காலையில் துறைமுகத்தில் இறக்கி விடுவார்கள், சாயங்காலத்துக்குள் ஏறிவிட வேண்டும். இறங்குவதற்கு வரிசை, சோதனைக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை. பினாங்கில் நாங்கள் ஊருக்குள் நடந்தது மூன்று மணி நேரம்கூட இருக்காது. எங்களுக்குப் பிடித்தது கப்பல் எங்கேயும் நிற்காமல் ஓடுகிற நாள்தான். கூட்டமெல்லாம் நீச்சல் குளத்துப் பக்கமும் ஆட்டம் பாட்டம் நடக்கும் அரங்கிலும் இருக்கும். பின்பக்கத் தளத்தில் இரண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் பகல் முழுக்க யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். கப்பல் பாலாகக் கலக்கிவிட்டுப் போகிற தண்ணீர் பின்னால் நீளமாகக் கிடக்கும். அதையே பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

கப்பல் ரொம்ப வேகமாகப் போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இலங்கைப் பயணத்தில் ஊழியர் ஒருவர் மணிக்கு சுமார் 18 கடல் மைல் என்றார். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, 33 கிலோமீட்டர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி எங்கள் ஊருக்கு ஏறுகிற பஸ்ஸும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் வரும். அதைக் கேட்டதும் இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று முழுக்க, "இப்ப எத்தனாவது வளைவுல இருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறை விஷயத்தில் உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று மூன்று வகையையும் பார்த்துவிட்டோம். ஜன்னலே இல்லாத உள்ளறை விலை குறைவு, ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது. சின்ன வயதுக்காரர்களுக்கு அது போதும், அவர்கள் எப்படியும் வெளியேதான் சுற்றுவார்கள். எங்களைப் போல மெதுவாக எழுந்து, மெதுவாகக் காப்பி குடிக்கிற ஆட்களுக்கு பால்கனி அறைதான் சரி. மூன்றாவது பயணத்தில் பால்கனி எடுத்தோம். விடியலில் அங்கே உட்கார்ந்தபோது, பனி மூடிய காலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. எங்கள் ஊரில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடக்கும், எதிர்ப்பக்கம் தெரியாது. அங்கே பனிக்குப் பதில் தண்ணீர். பணம் அதிகம்தான். ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டாவது பால்கனி எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். முன்முனையிலும் பின்முனையிலும் மேல் தளத்திலும்தான் ஆட்டம் கூடுதல். ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கப்பலுக்குப் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி தகடுகள் உண்டு, அவை இடவலமாக உருள்வதைக் குறைக்கும். முன்பின்னாகத் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது.

மலைப்பாதையில் ஏறி இறங்கியே பழகிய உடம்பு, எனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் இருந்தேன். 2023 ஆகஸ்ட்டில் அம்பாந்தோட்டையை நெருங்கும்போது தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. அன்று மதியம் முதல் மறுநாள் காலை வரை எழுந்திருக்கவே முடியவில்லை. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, உப்பு பிஸ்கட்டும் எலுமிச்சையும் கொடுத்துக்கொண்டிருந்தார். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பெரிதாகப் பலனில்லை, முன்னாடியே போட்டிருக்க வேண்டும் என்று கப்பல் மருத்துவர் சொன்னார். தூக்கம் வரும், பரவாயில்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போவது நல்லது. மறுநாள் கிழக்குக் கரையில் திருகோணமலைக்குப் போனபோது கடல் ஏரி மாதிரி கிடந்தது. அந்தக் காற்றுக்காலத்தில் இலங்கையின் கிழக்குப் பக்கம் அமைதியாகவே இருக்குமாம். தென்கரை அப்படி இல்லை. தேதி பார்ப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக்காகவே அந்தப் பயணத்தை இன்னொரு தடவை போவேன். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடல் மேல் தூக்கிய பாறை உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் நுழைந்து நடந்தால் வழியெல்லாம் மான்கள் மேய்கின்றன. பூக்கடை அம்மாவிடம் தமிழில் விலை கேட்டேன். "எந்த ஊர் அம்மா?" என்றார். சேலம் என்று சொன்னதும், "மாம்பழம் எல்லோ?" என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணக்கணக்கைப் பற்றி யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. விளம்பரத்தில் பார்க்கும் தொகை ஒன்று, வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்க்கும் தொகை வேறு. துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், இணையம், கரையில் சுற்றிக்காட்டும் பஸ், சிலவகைப் பானங்கள் எல்லாம் தனி. இரண்டாவது பயணத்தில் டிக்கெட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவானது. கப்பலுக்குள் கையில் காசு வாங்க மாட்டார்கள். அறைச் சாவி அட்டையையே நீட்டி வாங்க வேண்டியதுதான். அதனால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. தினமும் சாயங்காலம் வரவேற்பு மேசையில் கணக்கு கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் கணக்கில் நாங்கள் வாங்காத ஒரு பொருள் ஏறியிருந்தது, கேட்டதும் எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, கரை மறைந்ததும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இவர் மறந்துவிட்டார். போன் தானாகக் கப்பலின் அலைவரிசையைப் பிடித்து, சில நிமிடப் பேச்சுக்குப் பல ஆயிரம் வந்தது.

கப்பல் கிளம்புவதற்கு முன்பே ஆபத்து நேர ஒத்திகைக்குக் கூப்பிடுவார்கள். சலித்துக்கொள்ளாமல் போங்கள். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்றைக்குத்தான் ஏறிய பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். உயிர்காப்புச் சட்டையின் வாரை இவர் இரண்டு தடவை கட்டி அவிழ்த்துப் பார்த்தார். எனக்கும் கட்டிவிட்டார்.

லட்சத்தீவுப் பயணம் முற்றிலும் வேறு மாதிரி. அது சொகுசுக் கப்பல் இல்லை, தீவு மக்களும் கூடவே வருகிற கப்பல். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பார்த்தோம். பவளப்பாறையைத் தாண்டிக் கப்பல் உள்ளே போக முடியாததால் வெளியிலேயே நிற்கும், அங்கிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும். இரண்டு ஊழியர்கள் கையைப் பிடித்து, "இப்போ" என்று சொல்லும் நொடியில் காலை வைக்க வேண்டும். எனக்கு அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. இன்றைக்கு முடியாது. அதனால் லட்சத்தீவு ஆசை இருப்பவர்கள் தள்ளிப் போடாமல் போய் வாருங்கள். பாறை வளையத்துக்குள் தண்ணீர் அலையே இல்லாமல் பச்சைக் கண்ணாடியாக நிற்கிறது. மினிக்காயில் 1885-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அங்கே சூரை மீனை அவித்து, புகை போட்டு, கல் மாதிரிக் காய வைப்பதைப் பார்த்தோம். நம் ஊர்ச் சந்தையில் மாசிக் கருவாடு என்று வாங்குவது அதுவேதான்.

கப்பல் பயணம் முடிந்ததும் நேராக ஊருக்கு வராதீர்கள். முதல் தடவை கொச்சியில் இறங்கி, ராத்திரி ரயிலைப் பிடித்து, காலையில் மலை ஏறி வந்தோம். இரண்டு நாள் வீட்டுத் தரையே ஆடியது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: கப்பலிலிருந்து இறங்கினால் இரண்டு இரவு கடற்கரை விடுதி. இலங்கையிலிருந்து வந்ததும் மாமல்லபுரத்தில் தங்கினோம். அலைச் சத்தம் மட்டும் காதில் விழும், உடம்பு ஆடாது. அந்த இரண்டு நாளில் பயணக் களைப்பு முழுக்க இறங்கிவிட்டது.

விடுதி பிடிக்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: படுக்கையில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா? கடல் தெரியும் அறை என்று பணம் கட்டிப் போன ஓர் இடத்தில், பால்கனியின் ஓரத்துக்குப் போய்க் கழுத்தைத் திருப்பினால்தான் கடல் தெரிந்தது. அதே அறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் இப்போது முன்பணம் கட்டுகிறோம். மாமல்லபுரத்துக் கடலில் இறங்க வேண்டாம், கணுக்கால் வரை போதும். அங்கே உள்ளிழுப்பு பலமானது.

இத்தனையிலும் என் மனசுக்கு நெருங்கியது தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706-ல் வந்து இறங்கித் தமிழில் அச்சுப் போட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தெரு, பக்கத்திலேயே கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். எல்லாம் நடந்து போகிற தூரம். ராத்திரி எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். பார்க்க வேண்டியவற்றை ஒரே காலையில் பார்த்துவிடலாம், மீதி நாளெல்லாம் நம்முடையது. நாங்கள் நான்கு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் இவர், "ஏம்மா, இன்னிக்கு எங்கயும் போக வேண்டாம்தானே?" என்று கேட்டார். சும்மா இருப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்டது இந்த முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. தோட்டத்தில் ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வரும் மார்ச்சிலும் தரங்கம்பாடிதான். மிளகு காய்ந்து முடிந்ததும் கிளம்ப வேண்டும், பூ மழைக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.