பளபளக்கும் மரத்தில் கீறல்: தேய்ப்பதா, நிரப்புவதா, கழற்றுவதா?

காருக்குள் அதிகம் அடிபடும் இடம் கியரைச் சுற்றியுள்ள பளபளப்பான மரப்பலகைதான். மோதிரம், சாவிக்கொத்து, கடிகாரப் பட்டையின் கொக்கி எல்லாம் அங்கேதான் உரசும். மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் சிலந்தி வலை பின்னியதுபோல் இருக்கும்.

நல்ல செய்தி, பெரும்பாலான கீறல்கள் மரத்தைத் தொடுவதே இல்லை. அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் தளத்தின் மேல் ஒட்டிய, சுமார் அரை மில்லிமீட்டர் மரச்சீவல். அதன் மேல் கண்ணாடிபோன்ற வார்னிஷ். நாம் தடவிப் பார்ப்பது அந்த வார்னிஷைத்தான். பல கார்களில் மரமே கிடையாது, பிளாஸ்டிக்கின் மேல் பதித்த மரவரி அச்சுதான். இரண்டு கதவுகளிலும் ஒரே முடிச்சு, ஒரே வளைவு அச்சு அசலாகத் தெரிந்தால் அது அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அச்சுப்பலகையில் மேற்பூச்சு பெரும்பாலும் மெல்லியது. அங்கே கை இன்னும் அடங்கியிருக்க வேண்டும்.

முதலில் கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கோடு மறைந்தால் காயம் வார்னிஷோடு நின்றிருக்கிறது. மறையாமல் வெளிறியோ கறுத்தோ நின்றால் உள்ளே இறங்கிவிட்டது. பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷ் போதும்; தட்டி நின்றால் வேலை இருக்கிறது.

மெழுகும் மரச்சாமான் பாலிஷும் எல்லோரும் முதலில் எடுப்பவை. கீறலுக்குள் எண்ணெய் தங்கி ஒளியை ஏமாற்றும், சில வாரங்களில் கோடு திரும்ப வரும். அதைவிட மோசம், சிலிகான் கலந்த பாலிஷைத் தடவிய பலகையில் பின்னால் வார்னிஷ் அடித்தால் மீன்கண்போலக் குழிகுழியாக ஒதுங்கும். பற்பசையும் வேண்டாம், அதில் உள்ள துகள் கரடா, மென்மையா என்பது குழாய்க்குக் குழாய் மாறும்.

நகம் தட்டாத கீறலுக்குக் கார் பெயின்டுக்கான நுண்பாலிஷும் மைக்ரோஃபைபர் துணியும் கைவிரலுமே போதும். மெஷின் வேகமானதுதான். ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, பிளாஸ்டிக் தளத்தின் மேலுள்ள பூச்சு இளகும். உள்ளங்கை அகலப் பலகைக்கு மெஷின் எதற்கு என்பது என் கேள்வி.

நகம் தட்டும் கீறலில்தான் உண்மையான போட்டி: சுற்றிலும் தேய்த்துக் கீறலின் அடிவரை இறங்குவதா, கீறலை நிரப்பி மேலே கொண்டுவருவதா?

தேய்ப்பவர்கள் 2000, பிறகு 3000 எண் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழைத்து, காம்பவுண்டும் (சற்றுக் கரடான தேய்ப்புப் பசை) பாலிஷும் போட்டு முடிப்பார்கள். தட்டையான நடுப்பகுதியில் இதன் முடிவுக்கு நிகரில்லை. வழியும் நீர் பால்போல் வெள்ளையாக இருக்கும்வரை நீங்கள் வார்னிஷில்தான் இருக்கிறீர்கள்; பழுப்பு தட்டினால் அந்த நொடியே கையை எடுங்கள். ஆபத்து விளிம்பில். வளைவுகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அவசரப்பட்டு அதைவிடக் கரடான 1000 எண் தாளில் தொடங்கிய நான், பத்துப் பன்னிரண்டு இழுப்பிலேயே ஒரு மூலையில் நிறத்தைத் தின்றுவிட்டேன். விளிம்பில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

நிரப்புவது பொறுமைக்காரர்களின் வேலை. பல்குத்தும் குச்சியின் நுனியில் தெளிந்த வார்னிஷைத் தொட்டுக் கீறலில் மட்டும் விட வேண்டும். காயும்போது அது அமிழும், மறுபடி விட வேண்டும், நான்கைந்து முறைகூட ஆகலாம். கடைசியில் சற்று மேடாக நிற்பதை மட்டும் இழைத்தால் போதும் என்பதால் பழைய பூச்சு பெரும்பாலும் பிழைக்கும். சூப்பர் க்ளூ விரைவில் இறுகும், தெளிவாகவும் இருக்கும். ஆனால் அதன் ஆவி சுற்றிலும் வெண்புகை படிய வைக்கும். எப்பாக்சி நன்றாக நிரம்பும், வெயில் படப்பட மஞ்சளாகும். டேஷ்போர்டுக்கு அது வேண்டாம். ஒற்றை ஆழக் கீறல் என்றால் நான் தேர்வது வார்னிஷ் நிரப்பல்தான். ஒரு பலகைக்கு ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

கீறல் அல்ல, வெயிலில் வார்னிஷ் பாளம்பாளமாக வெடித்திருக்கிறது என்றால் மேற்சொன்ன எதுவும் உதவாது. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். கடினமாக்கி கலக்கும் இருகூறு வார்னிஷில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. இந்த ஒன்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டி மூடுவது மலிவான வழி, ஆனால் மரத்தின் ஆழம் அதில் வராது. பழைய காரிலிருந்து அதே பலகையை வாங்கி மாட்டுவது சுலபமாகத் தோன்றும். அச்சுப்பலகை என்றால் பொருந்திவிடும். உண்மை மரம் என்றால், ஒரு காரின் பலகைகளுக்கு ஒரே கட்டையின் அடுத்தடுத்த சீவல்களைப் பயன்படுத்துவது வழக்கம். வெளியிலிருந்து வரும் பலகை, நிறம் ஒத்துப்போனாலும் வரியில் விலகி நிற்கும். நான் நிறத்தைத் தின்ற அந்த மூலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அரை நகம் அளவு வெளிறல், பக்கத்துப் பலகையோடு வரி மட்டும் பிசகாமல் ஓடுகிறது.