பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்: மூன்று வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

சமையல் குறிப்புகளுக்காகச் சின்னதாக ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறேன். அதன் வேகத்தைப் பார்க்க மூன்று வருடமாகக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்தான்.

முதல் வருடம் முழுக்க அந்த வட்டத்துக்குள் தெரியும் மதிப்பெண்ணின் பின்னாலேயே ஓடினேன். காலையில் 71, எதையும் தொடாமலே மாலையில் 64. அது சோதனைக்கூட அளவு. மெதுவான 4ஜி, சுமாரான ஆண்ட்ராய்டு போன் என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை திறந்து பார்க்கிறது. ஏறி இறங்கத்தான் செய்யும். அதற்கு மேலே இருக்கும் பகுதியைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். குரோமில் வந்த நிஜ வாசகர்களின் கடைசி 28 நாள் அனுபவம் அங்கே இருக்கிறது. நான்கில் மூன்று வருகைகளிலாவது பக்கத்தின் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும். எல்சிபி என்பது இதுதான்.

எனக்கு அது 4 நொடியைத் தாண்டியிருந்தது. எல்லாப் படங்களுக்கும் லேசி லோடிங் (வாசகர் படத்தின் அருகே வரும்வரை அதை இறக்காமல் வைப்பது) போட்டிருந்தேன், உச்சியில் இருக்கும் சாம்பார் படத்துக்கும் சேர்த்து. முதலில் வர வேண்டிய படத்தையே பிரவுசர் தாமதமாகக் கேட்டது. அந்த ஒரு படத்துக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, கோப்பு சிறிதாகும் வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றினேன். சோதனைக்கூடத்தில் எல்சிபி நேரம் அன்றே குறைந்தது. வாசகர் எண் பச்சையாக ஒரு மாதம் ஆனது. 28 நாள் கணக்கு என்பதால் பழைய நாட்கள் கழிந்தால்தான் மாற்றம் முழுதாகத் தெரியும். இது புரியாமல் நடுவிலேயே வேறு எதையாவது மாற்றிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எழுத்துருவில் பட்ட பாடு தனி. தமிழ் எழுத்துரு இறங்கும்வரை போனில் உள்ள எழுத்து தெரியும், இறங்கியதும் மாறும். இரண்டுக்கும் அகலம் வேறு. வரிகள் வேறு இடத்தில் மடங்கி, ‘தேவையான பொருட்கள்’ சட்டென்று கீழே குதிக்கும். அம்மா எதையோ தட்டப்போய் விரல் விளம்பரத்தில் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பக்கம் இப்படிக் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1க்குள் இருக்க வேண்டும் என்பதன் அர்த்தம் அன்றுதான் மனதில் பதிந்தது. இப்போது பத்திகளுக்குப் போனின் எழுத்துருவையே விட்டுவிட்டேன். படங்களுக்கெல்லாம் அகலம், உயரம் எழுதிவிட்டேன்.

2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவு போய், தட்டியதற்குப் பக்கம் எவ்வளவு விரைவில் பதில் காட்டுகிறது என்பதை அளக்கும் ஐஎன்பி வந்தது. வரம்பு 200 மில்லிநொடி. அரட்டைப் பெட்டி ஸ்கிரிப்டை நீக்கியதும் சரியாகிவிட்டது.

ஒரு குறை உண்டு. வாசகர் குறைவான பக்கங்களுக்குத் தனி எண் வராது, மொத்தத் தளத்தின் கணக்கைத்தான் காட்டும். அவற்றுக்கு வெப்பேஜ்டெஸ்ட் என்ற இன்னொரு சோதனைத் தளத்தில் வாட்டர்ஃபால் படத்தைப் பார்க்கிறேன். எந்தக் கோப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதில் வரிவரியாகத் தெரியும். பழைய ரசம் பக்கத்தில் ஒரே ஒரு பகிர்வு பொத்தானுக்காக முழு ஐகான் எழுத்துருவும் இறங்கிக்கொண்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.