துரையப்பா விளையாட்டரங்கில் வெளியூர் ரசிகனாக ஒரு மாலை

கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் யாழ்ப்பாணம் வந்து எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டத்தைப் பார்த்தேன், போகலாமா என்று யோசிப்பவர்கள் தயங்காமல் போங்கள். அரங்கு நகரத்துக்குள்ளேயே, பொது நூலகத்துக்கும் கோட்டைக்கும் கிட்ட இருக்கிறது. போரில் பாழடைந்து கிடந்ததை இந்திய உதவியுடன் புதுப்பித்து 2016இல் திறந்தார்கள். நான் இருந்த பக்கம் நாலு மணி வெயில் நேரே முகத்தில் அடித்தது, தொப்பி கட்டாயம்.

ஆனால் அந்தச் சனம்! உதைபந்தாட்டம் தெரிந்த சனம். துணை நடுவர் கொடியை உயர்த்த முதலே பின்வரிசை ஐயா "ஓஃப்சைட்" என்று எழும்பிவிடுவார், எங்கள் பையன் தூரத்திலிருந்து அடித்த கோலுக்கு உள்ளூர்க்காரரே கைதட்டினார்கள், பக்கத்திலிருந்த அண்ணா "நல்ல அடி தம்பி" என்று கச்சான் சரையை நீட்டினார். அதை மறக்கவே மாட்டேன். 2-1 என்று தோற்றோம், மனம் கனத்துத்தான் போனது.

ஒரே குறை தங்குமிடம். முன்பதிவு செய்த விடுதியில் மூன்று மணிக்கு முன் பையை வைக்கக்கூட விடவில்லை, ஆட்டம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு நல்லூர்ப் பக்கம் போய் ஐஸ்கிறீம் குடித்தோம். சரி, திரும்பும் ரயிலுக்கு இருக்கையை முன்பே பதிந்துவிடுங்கள்.