கேபிளில் இறக்கும் தெர்மாமீட்டர்: ஒரு டிரவுட் சீசன் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

வாங்கும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தே மீன் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவேன் எனப் பல வருஷம் பீற்றிக்கொண்டவன் நான். இருபது மீட்டர் கேபிள், நுனியில் விரல் தடிமனில் உணரி, கையில் ஒரு சிறு திரை. கருவி அவ்வளவுதான்.

மலை ஏரியில் பனிக்கட்டி கரைந்த முதல் வாரம் இதற்கு வேலையே இல்லை. மேலே விட்டாலும் அடியில் விட்டாலும் 4 டிகிரிக்குப் பக்கத்தில்தான் காட்டும். ஆழமில்லாத கரையோரம் முதலில் சூடேறும், குளிர்ந்த தண்ணீர் மீனான டிரவுட்டும் அப்போது அங்கேதான் மேயும்.

நடுக்கோடையில்தான் போட்ட காசு திரும்பி வந்தது. மேற்பரப்பு 19. ஆறு மீட்டர் வரை 18. எட்டாவது மீட்டரில் சட்டென்று 12! அந்த ஆழத்தில் தூண்டிலை நிறுத்தினேன், முக்கால் மணி நேரத்தில் மூன்று மீன். ஆசை விடுமா? 15 மீட்டருக்கு இறக்கினேன். 7 டிகிரி, ஒரு கடிகூட இல்லை. அடித்தண்ணீர் மேலே வந்து கலக்காமல் கிடந்தால், கோடை முற்ற முற்ற அதில் பிராணவாயு குறைந்துவிடும். அதை இந்தக் கருவி சொல்லாது. வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. கூட வரும் ஈயக்குண்டு போதாது. காற்றில் படகு நகர்ந்தால் கேபிள் சாய்ந்து, எட்டு மீட்டர் என்று நாம் நினைப்பது ஆறாக இருக்கும். மீட்டர் குறிகள் இரண்டே மாதத்தில் அழிந்துவிட்டன. தயாரித்தவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. நகப்பூச்சால் நானே திரும்பக் குறி போட்டேன்.

ஒரு நாள் மேற்பரப்பு 21 காட்டியது. தூண்டிலைப் பிரிக்காமலே கரைக்குத் திரும்பினேன். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த டிரவுட்டைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

இலையுதிர்காலத்தில் ஏரியில் மீன் குஞ்சு விட வந்தவர்களின் வெப்பமானி உடைந்திருந்தது, என்னுடையதைக் கேட்டார்கள். லாரித் தொட்டியில் 8, ஏரியில் 13. அப்படியே கொட்டினால் குஞ்சுகள் அதிர்ந்துபோகுமாம். வாளி வாளியாக ஏரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, திரையில் ஒவ்வொரு டிகிரியாக ஏறும்வரை காத்திருந்தோம். வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பை எல்லாவற்றுக்கும் நறுக்கியிருந்தார்கள், வளர்ப்பு மீன் என்று பின்னால் அடையாளம் தெரிய.

ஐந்துக்கு மூன்றரை. கனமான குண்டு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.